ஏகாந்தச் சாரதி

சாலையில் நெரிசல் எவ்வாறு பிறக்கிறது என்பதையும், முன்னே செல்லும் ஒரு வாகனம் ஒரு கணம் வேகத்தைத் தணித்தால் அதன் விளைவு எவ்வாறு அலையாகப் பின்னோக்கிப் பரவி, காரணமே அறியாத பலரைத் தடுத்து நிறுத்திவிடுகிறது என்பதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அங்கே வாகனங்களை வெறும் துகள்களாகவே பாவித்தோம். ஓட்டத்தின் கணிதத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்பதும், ஐவர் அமரத்தக்க இடத்தில் பெரும்பாலும் அவன் ஒருவனாகவே உட்கார்ந்திருக்கிறான் என்பதும், அவனுடைய அண்டை வீட்டுக்காரன் அதே வேளையில் அதே நகரத்தின் அதே வட்டாரத்துக்குத் தன் சொந்த வாகனத்தில் தனியே போய்க்கொண்டிருக்கிறான் என்பதும் அந்தக் கணிதத்துக்கு வெளியே நிற்கும் விஷயங்கள். இந்த அத்தியாயம் அந்த ஏகாந்தச் சாரதியைப் பற்றியது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனங்கள் வேலைக்குப் போகும் விதத்தைக் குடிமதிப்புக் கணக்கெடுப்பவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுப் பதிந்துவருகிறார்கள். 1980-ஆம் ஆண்டில் வேலைக்குச் சென்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் தனியே காரோட்டிச் சென்றார்கள். ஏறத்தாழ 20 பேர் ஒரே காரில் பிறரோடு சேர்ந்து சென்றார்கள். 2000-ஆம் ஆண்டில் தனியே சென்றவர்கள் 76 ஆகவும் சேர்ந்து சென்றவர்கள் 12 ஆகவும் மாறினார்கள். 2019-இல் சேர்ந்து செல்வோர் தொகை 9-க்கு இறங்கிவிட்டது. அந்தச் சிலரிலும் பெரும்பகுதியினர் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். மனைவியை அலுவலக வாசலில் இறக்கிவிட்டுத் தன் அலுவலகத்துக்குப் போகும் கணவனைக் கூட்டுப்பயணத்துக்கு யாரும் தூண்ட வேண்டியதில்லை. இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த வீழ்ச்சி நிகழ்ந்த காலந்தான் சேர்ந்து செல்லும் கார்களுக்கென்று பிரத்தியேகமான தடங்களை அந்நாட்டுப் பெருநகரங்கள் பெரும் பொருட்செலவில் போட்டுக்கொண்டே போன காலம். சலுகை வளர வளரச் சலுகையைப் பெறத் தகுதியுள்ளோர் ஏன் குறைந்தார்கள்?

இதற்கு விடை தேடுமுன், கூட்டுப்பயணம் ஒரு காலத்தில் தேசபக்திக் கடமையாகவே போதிக்கப்பட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1942-இன் தொடக்கத்தில் ஜப்பானியப் படைகள் மலேயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்றியபோது, அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு ஒரேயடியாக நின்றுபோயிற்று. தமிழ்நாட்டின் ஏழைக் குடும்பங்கள் கப்பலேறிப் போய், விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் சென்று பால் வடித்த தோட்டங்கள் அவை. அந்தப் பாலே உறைந்து, உருண்டு, டெட்ராய்ட் நகரத்துக் கார்களின் அடியில் டயராக ஓடிக்கொண்டிருந்தது. செயற்கை ரப்பர் இன்னும் போதிய அளவில் உற்பத்தியாகவில்லை. ஆகவே பெட்ரோலுக்குப் பங்கீடு விதித்தார்கள். பெட்ரோல் பஞ்சத்தைக் காட்டிலும் டயர் தேய்வதைத் தடுப்பதே அதன் முதன்மையான நோக்கம். மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டலாகாது என்றும் ஆணையிட்டார்கள். 1943-இல் சர்க்கார் வெளியிட்ட ஒரு சுவரொட்டியில், நன்றாக உடுத்திய கனவான் ஒருவர் தனியே காரோட்டிச் செல்ல, அவர் பக்கத்து ஆசனத்தில் ஹிட்லரின் உருவம் வெண்கோட்டுச் சித்திரமாக வீற்றிருக்கும். தனியே போகிறவன் யாருடைய துணையோடு போகிறான் என்பதை அதைவிடக் கடுமையாகச் சொல்லிவிட முடியாது. யுத்தம் முடிந்தது, ரப்பர் வந்தது, காரும் வந்தது, கடமை மறைந்தது. அச்சத்தினால் பிடித்த பழக்கம் அச்சம் நீங்கியதும் கைவிடப்படுவதில் வியப்பொன்றும் இல்லை.

அடுத்த நெருக்கடி 1973 அக்டோபரில் வந்தது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதிக்க, பெட்ரோல் நிலையங்களின் முன் கார்கள் வரிசைகட்டி நின்றன. வர்ஜீனியா மாநிலத்தின் வட பகுதியிலிருந்து வாஷிங்டன் நகரை நோக்கி வரும் ஷெர்லி நெடுஞ்சாலையில், 1969 முதல் பேருந்துகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த தடம் ஒன்று இருந்தது. 1973 டிசம்பரில், நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஏறிய கார்களும் அதில் செல்லலாம் என்று அனுமதித்தார்கள். அனுமதித்தவர்கள் எதிர்பார்த்தது, ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நால்வர் கூடிப் பேசி, முறைவைத்து ஒருவர் காரில் ஒருவர் சென்றுவருவார்கள் என்பதே. நடந்தது வேறு. நால்வர் கணக்கை நிரப்ப ஆள் கிடைக்காத காரோட்டிகள், பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தவர்களின் எதிரே காரை நிறுத்தி, தாம் போகும் இடத்தைச் சொல்லி, வருகிறவர் உண்டா என்று கேட்கலாயினர். பேருந்துக்குக் காத்திருந்தவர் காசில்லாமல், பேருந்தைவிட விரைவாகப் போய்ச் சேர்ந்தார். காரோட்டி வெற்றுத் தடத்தில் பறந்தார். இந்த ஏற்பாட்டுக்கு ஸ்லக்கிங் என்று பெயர் வந்துவிட்டது. 1989-இல் நால்வர் என்ற நிபந்தனை மூவராகத் தளர்ந்த பின்னும் இந்த வழக்கம் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

வாஷிங்டனுக்குத் தெற்கே வுட்பிரிட்ஜ் என்ற ஊரில் ஹார்னர் சாலையை ஒட்டி ஒரு பெரிய வாகன நிறுத்தம் இருக்கிறது. இந்த வழக்கம் செழித்திருந்த ஆண்டுகளில் வேலைநாள் ஒன்றின் காலையில் அங்கே நின்று பார்த்தால், மனித சுபாவத்தைப் பற்றி எழுதும் ஆசிரியனுக்குப் பல நூல்களில் கிடைக்காத விஷயம் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். கையில் பையும் காப்பிக் குவளையும் பிடித்த உத்தியோகஸ்தர்கள் இடத்துக்கு ஒரு வரிசையாக நிற்கிறார்கள்: பென்டகனுக்கு ஒன்று, பதினான்காம் வீதிக்கு ஒன்று, லான்ஃபான் பிளாசாவுக்கு ஒன்று. ஒரு கார் வந்து நிற்கிறது, ஓட்டுபவர் கண்ணாடியை இறக்கி ஊர்ப்பெயர் சொல்வதுபோல் இடத்தின் பெயரைச் சொல்கிறார், வரிசையில் முதலில் நிற்கும் இருவர் ஏறுகிறார்கள், கதவு சாத்தப்படுகிறது, கார் போய்விடுகிறது. பெயர் கேட்பதில்லை, விலாசம் சொல்வதில்லை. ஏறியவர் தாமாகப் பேச்சைத் தொடங்கலாகாது; ஓட்டுபவர் தொடங்கினால் பதில் சொல்லலாம். வானொலியில் எது பாட வேண்டும், குளிர்சாதனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுபவரின் உரிமை. புகை பிடிக்கக்கூடாது, உண்ணக்கூடாது. காசு கொடுக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் எஞ்சும்படி விட்டுவிட்டு மற்றவர் ஏறிச் செல்லக்கூடாது. இறங்கும்போது நன்றி சொல்ல வேண்டும். மாலையில் இதே காட்சி பென்டகன் வாசலில் எதிர்த்திசையில் நடைபெறும். இத்தனைக்கும் இதை நடத்த ஒரு சங்கமும் இல்லை, அதிகாரியும் இல்லை. விதிகளை எழுதியவர் யார் என்று கேட்டால் சொல்லுவாரும் இல்லை.

மூவர் என்ற எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இத்தகைய தன்னிச்சையான வரிசைகள் வாஷிங்டனிலும், சான்பிரான்சிஸ்கோவிலும், ஹூஸ்டனிலும் தழைத்தன. மூன்று இடங்களிலும் நிபந்தனை மூவர் என்பதாகவே இருந்தது. இருவர் போதும் என்ற இடங்களில் துணைக்கு ஒருவரைத் தேடிக்கொள்வது எளிது. அந்நியரிடம் போக வேண்டிய தேவை எழுவதில்லை. அன்றியும், அறியாத ஒருவரோடு தனித்துக் காரில் ஏறுவது அச்சந்தரும் காரியம். அறியாத இருவரோடு ஏறுவது அவ்வளவு அச்சந்தருவதன்று, ஏனெனில் அந்த மூன்றாமவர் மற்ற இருவருக்கும் சாட்சியாகிறார்.

கூட்டுப்பயணத்தை விரும்பாததற்கு ஜனங்கள் சொல்லும் காரணங்களை வாயால் சொன்னபடியே எடுத்துக்கொண்டால், அந்நியரோடு உட்கார மனமில்லை என்பதே முதலில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் ஹார்னர் சாலை வரிசை அதை மறுக்கிறது. அங்கே உட்காருபவர்கள் முழு அந்நியர்கள். ஒன்றிணைக்க சர்க்கார் முயன்ற அலுவலக நண்பர்களோ தனித்தனியே போய்க்கொண்டிருக்கிறார்கள். எனவே மனிதன் அஞ்சுவது பக்கத்தில் இன்னொருவர் உட்காருவதற்கு அன்று. இன்னொருவருடைய கடிகாரத்துக்குத் தன்னைக் கட்டிக்கொடுப்பதற்கே என்பது என் முடிவு. நண்பரோடு சேர்ந்து போவதென்றால் காலை 6.40-க்கு அவர் வாசலில் நிற்க வேண்டும். அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்க வேண்டும். மாலையில் மேலதிகாரி நிறுத்திவைத்தால் அவரைக் காத்திருக்கச் செய்த குற்றவுணர்வோடு வர வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வரிசையில் ஏறுபவருக்கு இந்தக் கடன் ஒன்றும் இல்லை. இன்று வந்தவர் நாளை வராவிட்டால் யாரும் வருந்தமாட்டார்கள். பழைய கூட்டுப்பயணத்திலிருந்து அவர்கள் அகற்றியது ஒன்றே ஒன்று: முன்கூட்டிய ஏற்பாடு.

தனியே ஓட்டுவதில் உள்ள பற்று வெறும் வீம்பன்று என்பதையும் இங்கே நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவர் குழுவினரும் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் 909 பெண்களிடம் முந்திய நாளின் ஒவ்வொரு பகுதியையும் நினைவுகூர்ந்து எழுதச் சொல்லி, 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளின் காரியங்களிலெல்லாம் மகிழ்ச்சி மிகக் குறைந்ததாகக் காலைப் பிரயாணமே நின்றது. ஆயினும், பட்ரீஷியா மோக்டாரியன் என்ற பேராசிரியை தம் மாணவர் ஒருவரோடு சேர்ந்து சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உமக்கு உகந்த பிரயாண நேரம் எவ்வளவு என்று கேட்டபோது, பெரும்பாலோர் பூஜ்யம் என்று சொல்லவில்லை. சராசரியாக 16 நிமிடம் என்று வந்தது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒருவரும் எதுவும் கேட்காத ஒரு சிறு இடைவேளையை மனம் நாடுகிறது. ஐம்பது நிமிட நெரிசலை யாரும் விரும்பவில்லை; ஆனால் அந்த ஐம்பதுக்குள் ஒரு பதினாறு ஒளிந்திருக்கிறது, அதைப் பிறரோடு பங்கிடத்தான் மனம் வருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். நிக்கொலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் சிக்காகோவில் ரயிலில் வேலைக்குப் போவோரிடம் ஒரு பரிசோதனை நடத்தி 2014-இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்து ஆசனத்து அந்நியரோடு பேசச் சொன்னார்கள். சிலரை மௌனமாக இருக்கச் சொன்னார்கள். சிலரை வழக்கம்போல் இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்கே பிரயாணம் இனிதாக இருந்தது. ஆனால் எது இனிதாக இருக்கும் என்று முன்கூட்டி ஊகிக்கச் சொன்னால் ஜனங்கள் மௌனத்தையே சொன்னார்கள். அப்படியானால் வர்ஜீனியா வரிசைக்காரர்களின் மௌன விதி ஒரு கூட்டுத் தவறா? நான் அப்படி எண்ணவில்லை. ரயிலில் பேச்சு சலித்தால் எழுந்து வேறிடம் போகலாம். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் காரில் போக முடியாது. ஒரு நாள் சம்பாஷணை விருந்தாக இருக்கலாம். ஆண்டுக்கு 200 நாட்களுக்கும் மேல் நீடிப்பதென்றால் அது உத்தியோகத்தோடு சேர்ந்த இன்னொரு உத்தியோகமாகிவிடும்.

தடங்களைப் பற்றிய ஜனங்களின் கோபத்துக்கு வருவோம். இதில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கதையே பிரசித்தமானது. நகரின் நடுப்பகுதியையும் கடற்கரையையும் இணைக்கும் சாந்தா மோனிகா விரைவுச்சாலையில், 1976 மார்ச் 15-ஆம் தேதி காலையில், அதுவரை எல்லோரும் ஓட்டிவந்த இடதுகோடித் தடத்தில் வைர வடிவக் குறிகள் வரையப்பட்டு, நெரிசல் வேளைகளில் பேருந்துகளும் மூவர் ஏறிய கார்களுமே அதில் செல்லலாம் என்று ஆயிற்று. ஏறக்குறைய 12 மைல் நீளம். புதிதாக ஒரு தடமும் போடவில்லை. இருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். எஞ்சிய தடங்களில் கார்கள் அடைந்துபோயின, விபத்துக்கள் பெருகின, பத்திரிகைகள் சீறின, வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஜனங்கள் அந்தத் தடத்தில் ஆணிகளை இறைத்தார்கள், சாயத்தை ஊற்றினார்கள். எழுத்தாளர் ஜோன் டிடியன் இதைப் பற்றி எழுதிய கட்டுரை அந்த மாதங்களின் மனோநிலையை நன்கு காட்டும். மாநிலப் போக்குவரத்துத் துறையின் தலைவியாக அப்போதுதான் வந்திருந்த அட்ரியானா ஜியான்டுர்கோ கண்டனங்கள் அனைத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. ஆகஸ்டில், சுற்றுச்சூழல் பற்றிய முறையான ஆய்வு செய்யப்படவில்லை என்ற காரணத்தைக் காட்டி மத்திய நீதிமன்றத்தின் நீதிபதி மாத்யூ பர்ன் இத்திட்டத்தை நிறுத்திவைத்தார். மொத்தம் 21 வாரம். பின்னர் கணக்கெடுத்தவர்கள் கண்டது: அந்த 21 வாரத்தில் பேருந்தில் சென்றோர் மும்மடங்குக்கு மேல் பெருகியிருந்தார்கள், சேர்ந்து சென்ற கார்களும் கணிசமாகக் கூடியிருந்தன. நோக்கம் ஓரளவு நிறைவேறிக்கொண்டிருந்தபோதே திட்டம் மாண்டது.

அதே நகரில், சில மைல் கிழக்கே, எல் மான்டே என்ற இடத்துக்குப் போகும் சாலையில் 1973 முதல் பேருந்துத் தடம் ஒன்று உண்டு. அதிலும் 1976-இல் மூவர் ஏறிய கார்களை அனுமதித்தார்கள். யாரும் ஆணி இறைக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தடம் புதிதாகச் சேர்க்கப்பட்டது, எவரிடமிருந்தும் பிடுங்கப்பட்டதன்று. கிடைக்காமற்போன லாபத்தைக் காட்டிலும் கையிலிருந்து போன பொருளே மனிதனை அதிகமாக வருத்துகிறது என்று கானமனும் அவர் தோழர் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட கோட்பாட்டுக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் மூன்றாண்டு முன்னதாகவே உதாரணம் காட்டிவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பின், கலிபோர்னியாவில் இருக்கும் தடத்தை எடுத்துக்கொள்ளும் துணிவு சர்க்காருக்கு நெடுங்காலம் வரவில்லை. கூட்டுப்பயணத் தடம் வேண்டுமென்றால் சாலையை அகலப்படுத்து என்பதே நியதியாயிற்று. நெரிசலைக் குறைக்க வந்த யோசனை சாலையை அகலப்படுத்தும் யோசனையாக உருமாறியது இப்படித்தான்.

கோபத்துக்கு இன்னொரு மூலம் கண். தடத்தில் மணிக்கு 800 வாகனங்கள் 60 மைல் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நாலரை விநாடிக்கு ஒன்று வீதம் அவை கடக்கும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 88 அடி என்பதால், இரண்டு வாகனங்களுக்கு இடையே ஏறக்குறைய 400 அடி வெற்றுச் சாலை தெரியும். பக்கத்துத் தடத்தில் ஊர்ந்துகொண்டிருப்பவனுக்கு முன் காரின் பின்புறம் இருபது அடியில் தெரிகிறது. அவன் தலையைத் திருப்பினால் காண்பது காலிச் சாலை. தன் வரிப்பணத்தில் போட்ட காலிச் சாலை. ஆனால் அந்த 800 வாகனங்களில் மும்மூவர் இருந்தால் மணிக்கு 2400 பேர் போகிறார்கள். அவனுடைய தடத்தில், மிக நல்ல ஓட்டத்தில் மணிக்கு 2000 வாகனம் போய், வாகனத்துக்குச் சராசரி 1.1 ஆள் என்று வைத்தாலும் 2200 பேர்தான். நெரிசல் முற்றிவிட்டால் அதுவும் இல்லை. கண் எண்ணுவது வாகனங்களை, ஆட்களை அன்று. அப்படியே தடம் நிறைந்து தோன்றும்படி செய்தால் என்ன ஆகும் என்பதையும் எல் மான்டேயில் பார்த்துவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில், சட்டமன்றம் மூவர் என்றதை இருவர் எனக் குறைத்தது. மணிக்கு 65 மைல் ஓடிய தடம் நெரிசல் வேளையில் 20 மைலுக்கு விழுந்தது. பேருந்துகளும் அதில் சிக்கின. அவ்வாண்டு ஜூலையிலேயே நெரிசல் வேளைக்கு மூவர் விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எனினும் சாரதியின் புகார் முழுவதும் கண்மயக்கம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரவீண் வராயாவும் குவோனும் கலிபோர்னியச் சாலைகளில் பதிந்திருந்த உணர்கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2008-இல் எழுதியதன் சாரம் சர்க்காருக்கு இனிப்பானதாக இல்லை. மாலை நெரிசல் வேளையில் பெரும்பாலான கூட்டுப்பயணத் தடங்கள் தம் கொள்திறனுக்குக் கீழேயே ஓடின; நிறைந்து ஓடிய சிலவும் வேகம் இழந்திருந்தன. ஒற்றைத் தடத்தில் ஒருவர் மெதுவாகப் போனால் பின்வருவோர் அவரைத் தாண்ட வழியில்லை. ஆகையால் அந்தத் தடத்தின் உச்சக் கொள்திறன் மற்றத் தடங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆட்களின் மொத்தத் தொகையும் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஷெர்லி நெடுஞ்சாலைபோல் நீண்டு, ஒரே பெரிய வேலைத்தலத்தில் போய் முடியும் சாலைக்குப் பொருந்தியது, எங்கெங்கோ கிளைபிரியும் கலிபோர்னியச் சாலைக்குப் பொருந்தவில்லை. நியூஜெர்சி மாநிலமோ 1998-இல் தன் இரண்டு சாலைகளில் இத்தடங்களை அறவே எடுத்துவிட்டது.

வேலியிருந்தால் அதைத் தாண்டுபவரும் இருப்பார். அரிசோனாவில் 2020-இல் ஒருவர் எலும்புக்கூட்டுப் பொம்மைக்குத் தொப்பி போட்டு, மஞ்சள் கயிற்றால் ஆசனத்தில் கட்டிவைத்து ஓட்டினார். லாஸ் வேகஸில் 2019-இல் பிரேதம் ஏற்றிச் சென்ற வாகனத்தின் ஓட்டுநர், பின்னால் படுத்திருப்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று காவலரைக் கேட்டார். காவலர் எச்சரித்து அனுப்பிவிட்டார். கலிபோர்னியாவில் ஒருவர் கம்பெனிப் பதிவுப் பத்திரங்களைப் பக்கத்து ஆசனத்தில் வைத்து, கம்பெனியும் சட்டத்தின் முன் ஓர் ஆள்தானே என்று வாதாடித் தோற்றார். டெக்ஸாஸில் 2022-இல் கருவுற்ற பெண்மணி ஒருவர் வயிற்றிலிருக்கும் குழந்தையை இரண்டாமவராகச் சொன்னார். அபராதச் சீட்டைக் கொடுத்த காவலருக்குக் கிடைத்தது, தத்துவ ஞானிகள் தீர்க்காத ஒரு கேள்வி.

ஜகார்த்தாவில் வேலி தாண்டுவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 1992 முதல் அந்நகரின் முக்கியச் சாலைகளில் நெரிசல் வேளைகளில் மூவர் இல்லாத கார் நுழையக்கூடாது என்ற விதி இருந்தது. விளைவாக, சாலை தொடங்குமிடத்தில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் வரிசையாக நின்று, ஒரு விரல் காட்டினால் ஒருவர், இரு விரல் காட்டினால் இருவர் என்று தம்மை வாடகைக்கு விட்டார்கள். ஜாக்கி என்று அவர்களுக்குப் பெயர். கைக்குழந்தையோடு நிற்பவள் இரண்டு தலையாகக் கணக்கானாள். வாடகைக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கப்படுகிறது என்ற செய்தி 2016-இல் எழுந்ததும், சர்க்கார் சில நாள் அவகாசத்தில் அந்த விதியையே நீக்கிவிட்டது. பொருளியல் அறிஞர்களான ரேமா ஹன்னா, கேப்ரியல் கிரைண்ட்லர், பெஞ்சமின் ஓல்கன் மூவரும் இதை ஒரு நல்வாய்ப்பாகக் கருதி, விதி நீங்குமுன்னும் பின்னும் கூகுள் மேப்ஸ் காட்டிய பிரயாண நேரங்களை இடைவிடாமல் சேகரித்தார்கள். ஊரே ஏமாற்றிய விதிதானே, எடுத்துவிட்டால் என்ன கெடும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஆனால் காலையில் ஒரு கிலோமீட்டர் கடக்க 2.1 நிமிடம் ஆன இடத்தில் 3.1 நிமிடம் ஆயிற்று, மாலையில் 2.8 என்றிருந்தது 5.3 ஆயிற்று. விதி ஒருபோதும் பொருந்தாதிருந்த மற்றச் சாலைகளிலும், விதி பொருந்தாத மற்ற வேளைகளிலும்கூட நெரிசல் கூடியது. பாதி ஏமாற்றப்பட்ட சட்டமும் பாதி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. இந்த அத்தியாயத்துக்காக நான் படித்தவற்றுள் என் எண்ணத்தை அதிகம் மாற்றியது இந்த ஆராய்ச்சிதான்.

சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பாலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பாலம் 1936-இல் திறக்கப்பட்டது. அதன் கீழ்த்தளத்தில் 1958 வரை ரயில் ஓடியது. பின்பு அதுவும் கார்களுக்கே போய்விட்டது. 1970-களிலிருந்து மூவர் ஏறிய காருக்குச் சுங்கம் இருக்கவில்லை, தனி வழியும் இருந்தது. ஓக்லாந்திலும் பெர்க்லியிலும் வர்ஜீனியா போன்ற வரிசைகள் உண்டாகி முப்பதாண்டுக்கு மேல் காசின்றி நடந்தன. 2010 ஜூலை முதல் தேதியிலிருந்து, மூவர் ஏறிய காரும் 2.50 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். தனியே போகிறவர் நெரிசல் வேளையில் 6 டாலர் கட்டியதால் சலுகை இன்னும் பெரிதாகவே இருந்தது. ஆயினும் அந்த வழியில் சென்ற கார்கள் கணிசமாகக் குறைந்தன. ஏறுபவர் ஒரு டாலர் கொடுக்க வேண்டுமா, ஓட்டுபவர் கேட்கலாமா, கொடுக்காதவரை என்ன நினைப்பது என்ற சங்கடம் காருக்குள் புகுந்துவிட்டது. எந்தக் கடனும் இல்லை என்பதனால் நிலைத்திருந்த உறவில் ஒரு டாலர் கடன் வந்து உட்கார்ந்தது. 2020-இல் தொற்றுநோய் வந்து அந்த வரிசைகளைக் கலைத்தது.

ஆகவே சாலையில் வரையும் வைரக் குறியைக் காட்டிலும் வேறெதுவாவது தனிச் சாரதியை அசைக்குமா? அசைத்த ஒன்றை டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் கண்டு எழுதியிருக்கிறார். கலிபோர்னியாவில் 1992-இல் ஒரு சட்டம் வந்தது: வேலைக்காரர்களுக்கு இலவசமாகக் கார் நிறுத்த இடம் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் முதலாளி, அந்த இடம் வேண்டாம் என்கிறவருக்கு அதன் மதிப்பைக் காசாகக் கொடுக்க வேண்டும். இச்சட்டத்தை நிறைவேற்றிய எட்டு நிறுவனங்களை ஷூப் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார். தனியே ஓட்டி வந்தவர்கள் நூற்றுக்கு 76-இலிருந்து 63 ஆனார்கள். சேர்ந்து வந்தவர்கள் 14-இலிருந்து 23 ஆனார்கள். நாடு முழுவதும் கூட்டுப்பயணம் சரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. யாரோடு வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை. இலவசம் என்று எண்ணியிருந்த இடத்துக்கு விலை உண்டு என்பது மட்டும் தெரிந்தது. ஆனால் அந்தச் சட்டம் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும். அவற்றிலும் நிறுத்துமிடத்தைச் சொந்தமாக வைத்திருப்பவை விதிவிலக்கு. அமெரிக்க முதலாளிகளில் பெரும்பாலோர் சொந்த நிலத்தில்தான் கார்களை நிறுத்தச் செய்கிறார்கள். அங்கே காலையில் தனியே வந்து இறங்குகிறவருக்கு அந்த இடம் இன்றும் இலவசமே.